ரத்தக் கொழுப்பும் ஆலை வேலையும்: டர்பன் தெற்குப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மெர்பேங்க், வென்ட்வொர்த், ஐசிபிங்கோ, சாட்ஸ்வொர்த். தென்னாப்பிரிக்க டர்பனின் இந்தத் தெற்குப் பக்கத்தில் எந்தத் தமிழ் வீட்டை எடுத்துக்கொண்டாலும் ரிஃபைனரி, காகித ஆலை, பெயின்ட் கம்பெனி, கெமிக்கல் கிடங்கு என்று எங்கேயாவது ஒருவர் வேலை பார்த்திருப்பார். நான் பல வருடம் தொழிற்சாலை கிளினிக்கில் சிஸ்டராக இருந்தவள். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டோடு வருபவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மட்டன் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்? எந்தப் பொருளைக் கையாளுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கிளினிக்கிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வேலை இடத்து ரசாயனம் ரத்தத்தில் கொழுப்பை ஏற்றுமா, சிஸ்டர்?

சில ரசாயனங்கள் ஏற்றும். எல்லாம் இல்லை. பிஎஃப்ஏஎஸ் என்ற ஃப்ளோரின் ரசாயனக் குடும்பத்துக்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. விஸ்கோஸ் நூல் ஆலைகளில் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடுக்குப் பழைய, உறுதியான ஆதாரம் உண்டு. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்போடு தொடர்புடையது. பிவிசி பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு, சில கரைப்பான்கள் போன்றவை முதலில் கல்லீரலைக் கெடுக்கும். ரத்தக் கொழுப்பு அதன் பின்னால் மாறலாம். ஈயம் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது தெளிவு, கொழுப்பு விஷயத்தில் அதன் ஆதாரம் பலவீனம். எந்தப் பொருள் என்று பெயர் தெரியாமல் 'கெமிக்கலால்தான்' என்று சொல்வதில் பயன் இல்லை.

பிஎஃப்ஏஎஸ் என்பது என்ன? எங்கே இருக்கிறது?

கார்பனும் ஃப்ளோரினும் இறுகப் பிணைந்த ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குப் பொதுப்பெயர். எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது. அதனால் ஒட்டாத வாணலி, கறை பிடிக்காத துணி, கம்பளம், எண்ணெய் ஊறாத உணவுக் காகிதம், குரோமியம் முலாம் பூசும் தொட்டி என்று எங்கும் புகுந்தது. நம் பக்கத்து ஆட்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பெட்ரோல் தீயை அணைக்கும் நுரை. எண்ணெய் எரியும்போது மேலே படலமாகப் பரவி மூச்சை அடைக்கும் அந்த நுரைக்குப் பல பத்தாண்டுகளாக இந்த ரசாயனம்தான் உயிர். உலகம் முழுக்க ரிஃபைனரிகளிலும் விமான நிலையங்களிலும் ராணுவத் தளங்களிலும் அதை வைத்துத்தான் பயிற்சி செய்தார்கள். கம்பெனி தீயணைப்புக் குழுவில் இருந்த நம் அண்ணன் தம்பிகள் அந்த நுரையில் முழங்கால் வரை நின்றிருப்பார்கள். சோப்பு நுரை மாதிரிதான் இருந்தது, யாரும் பயப்படவில்லை.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இல் பிஎஃப்ஓஎஸ், 2019-இல் பிஎஃப்ஓஏ, 2022-இல் பிஎஃப்எச்எக்ஸ்எஸ் என்று இந்தக் குடும்பத்தின் மூன்று பேரைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்தது உடனே போகாது. சுவீடனில் ரோனபி என்ற ஊரில் மாசான தண்ணீர் நின்ற பிறகு மக்களின் ரத்தத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். பாதியாகக் குறைய பிஎஃப்ஓஏ-வுக்கு சுமார் 2.7 வருடம், பிஎஃப்ஓஎஸ்-க்கு 3.4, பிஎஃப்எச்எக்ஸ்எஸ்-க்கு 5.3 வருடம் ஆனது.

கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் பக்கம் டூபான்ட் கம்பெனிக்கு ஓர் ஆலை இருந்தது. வாணலியில் ஒட்டாத பூச்சான டெஃப்லான் தயாரிக்க பிஎஃப்ஓஏ தேவைப்பட்டது. அது ஒஹாயோ ஆற்றிலும் காற்றிலும் கலந்து சுற்றுப்புறக் குடிநீரில் சேர்ந்தது. மக்கள் வழக்குப் போட்டார்கள். சமரசத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது: பணத்தை மட்டும் பிரித்துக்கொள்ளாமல், நோய்க்கும் இந்த ரசாயனத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க மூன்று விஞ்ஞானிகள் கொண்ட குழுவை அமைத்தார்கள். 2005-06-இல் சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள். 2012-இல் அந்தக் குழு ஆறு நோய்களுக்கு 'தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்' என்று தீர்ப்புச் சொன்னது. உயர் கொலஸ்ட்ரால் அவற்றில் ஒன்று. மற்றவை சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண், கர்ப்பகால ரத்த அழுத்தம்.

சாதாரண ஜனங்கள் வரிசையில் நின்று கையை நீட்டி ரத்தம் கொடுத்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும். நம் பக்கத்திலும் அப்படி ஒன்று நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

ரோனபியின் கதை வேறு வகை. அங்கே ராணுவ விமானத் தளத்துத் தீயணைப்பு நுரை நிலத்தடி நீரில் இறங்கியிருந்தது. 2013 டிசம்பரில் கண்டுபிடித்து அந்தத் தண்ணீரை நிறுத்தினார்கள். அதைக் குடித்தவர்களின் மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலும் குடிக்காதவர்களைவிடக் கூடுதலாக இருந்தன.

எவ்வளவு ஏறும்? மருந்து சாப்பிடும் அளவுக்கா?

பார்க்கர்ஸ்பர்க் பக்கம் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடாத 46,000 பெரியவர்களைப் பார்த்தார்கள். ரத்தத்தில் பிஎஃப்ஓஏ மிகக் குறைவாக இருந்த பத்தில் ஒரு பங்கினரையும் மிக அதிகமாக இருந்த பத்தில் ஒரு பங்கினரையும் ஒப்பிட்டால், மொத்தக் கொலஸ்ட்ரால் வித்தியாசம் டெசிலிட்டருக்கு 11 முதல் 12 மில்லிகிராம். நம் தென்னாப்பிரிக்க லேப் ரிப்போர்ட் மில்லிமோலில் வரும், அந்தக் கணக்கில் சுமார் 0.3. (தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டுமானால், கொலஸ்ட்ராலுக்கு லிட்டருக்கு 1 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 38.7 மில்லிகிராம். ட்ரைகிளிசரைடுக்கு 88.6.)

ஒரு ஆளுக்கு 0.3 பெரிதல்ல. 4.8 இருந்தவருக்கு 5.1 ஆகும், அவ்வளவுதான். ஆனால் ஒரு ஊரே அப்படி ஏறினால் எல்லைக் கோட்டைத் தாண்டுபவர்கள் கூடுவார்கள். அதே ஆய்வில், பிஎஃப்ஓஏ மிகுந்த கால்பங்கு ஆட்களுக்கு உயர் கொலஸ்ட்ரால் இருக்கும் சாத்தியம், குறைந்த கால்பங்கினரைவிட 40 சதவீதம் அதிகம். ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு, அதுவும் இந்திய வம்சத்தவருக்கு, அந்தச் சின்ன ஏற்றமும் சும்மா விடக்கூடியதல்ல.

ஒரு ஆறுதலும் உண்டு. ரசாயனம் குறைந்தால் கொழுப்பும் குறைகிறது. பின்னாளில் 560 பேரைத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தபோது, பிஎஃப்ஓஏ பாதியாகக் குறைந்தவருக்கு எல்டிஎல் சுமார் 3.6 சதவீதம் இறங்கும் என்று கணக்கு வந்தது.

கம்பெனி டாக்டர் 'எலிக்கு அது கொழுப்பைக் குறைக்கிறது' என்கிறாரே?

அவர் சொல்வது உண்மை. எலிக்கு பிஎஃப்ஓஏ கொடுத்தால் ரத்தக் கொழுப்பு இறங்கும். புற்றுநோயாளிகளுக்கு மருந்தாகவே இதை மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையிலும் கொலஸ்ட்ரால் இறங்கியது. எலியின் கல்லீரலில் கொழுப்பை எரிக்கும் ஒரு ஏற்பி இந்த ரசாயனத்தால் முடுக்கிவிடப்படுகிறது, மனிதருக்கு அது அவ்வளவு வேலை செய்வதில்லை. தண்ணீரிலும் வேலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் அளவில் மனிதரிடம் நாடு நாடாகத் திரும்பத் திரும்பக் கண்டது ஏற்றம்தான். அந்த ஏற்றமும் நேர்கோடல்ல. குறைந்த அளவில் செங்குத்தாக ஏறி, அப்புறம் சமமாகிவிடுகிறது.

இன்னொரு நியாயமான சந்தேகமும் உண்டு. பிஎஃப்ஏஎஸ் பித்தநீரோடு குடலுக்குப் போய்த் திரும்ப ரத்தத்துக்கே வருகிறது. கொலஸ்ட்ராலிலிருந்து உண்டாகும் பித்த அமிலங்களும் அதே பாதையில்தான் சுற்றுகின்றன. பாதை ஒன்றாக இருப்பதால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகிறதோ, ஒன்று மற்றதற்குக் காரணம் இல்லையோ என்று சில விஞ்ஞானிகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் ரோனபியில் யாருக்கு ரசாயனம் போனது என்பதைத் தீர்மானித்தது எந்தத் தண்ணீர் நிலையத்துக் குழாய் என்பதுதான், அவரவர் பித்தம் அல்ல. அதனால் நான் ரசாயனத்தின் மேல்தான் சந்தேகத்தை வைப்பேன்.

உடம்புக்குள்ளே என்ன செய்கிறது?

இந்த ரசாயனத்தின் உருவம் கொழுப்பு அமிலத்தைப் போலவே இருக்கும். கல்லீரல் ஏமாந்து அதை உள்ளே விடுகிறது. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் நொதியை இது அடக்குவதாக மனிதக் கல்லீரல் செல்களில் பார்த்திருக்கிறார்கள். செலவாக வேண்டிய கொலஸ்ட்ரால் செலவாகாமல் நின்றால் ரத்தத்தில் மிஞ்சும்.

அப்பா நூல் ஆலையில் இருந்தார். கார்பன் டைசல்ஃபைடு பற்றிச் சொல்லுங்கள்.

மரக்கூழைக் கரைத்து விஸ்கோஸ் நூலாக்க இந்தத் திரவம் வேண்டும். நம் தெற்குக் கடற்கரையில் உம்கொமாஸில் பெரிய ஆலை ஒன்று அந்த மரக்கூழைத் தயாரித்து ஏற்றுமதி செய்கிறது. கார்பன் டைசல்ஃபைடு பயன்படுவது அதற்கு அடுத்த கட்டத்தில், நூல் இழுக்கும் இடத்தில். அதனால் கூழ் ஆலையில் இருந்தவரும் நூல் ஆலையில் இருந்தவரும் ஒன்றல்ல. அப்பா எந்தப் பிரிவில் நின்றார் என்று முதலில் கேளுங்கள்.

ஃபின்லாந்தில் 1967-இல் தொடங்கி 343 விஸ்கோஸ் தொழிலாளரையும், அவர்களுக்குச் சமமாக 343 காகித ஆலைத் தொழிலாளரையும் பின்தொடர்ந்தார்கள். முதல் ஐந்து வருடத்திலேயே விஸ்கோஸ் ஆட்களிடம் மாரடைப்பு மரணம் பல மடங்கு கூடியது. நிர்வாகமும் அரசும் வாதம் பண்ணிக்கொண்டு நிற்கவில்லை. 1972-இல் காற்றில் அனுமதித்த அளவை 20 பிபிஎம்-இலிருந்து (பத்து லட்சத்தில் 20 பங்கு) 10-ஆகக் குறைத்தார்கள், இதய நோய்க்கு வாய்ப்புள்ளவர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் அந்தக் கூடுதல் மரணம் படிப்படியாக மறைந்தே போனது. ரசாயனத்தைக் குறைத்தால் ஆள் பிழைப்பான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. வேறு நாட்டு விஸ்கோஸ் ஆலைகளில், அதிகம் சுவாசித்தவர்களின் எல்டிஎல்லும் கூடியிருந்தது.

பிசிபி? டிடிடி?

இவை கொழுப்பில் கரையும் ரகம். ரத்தத்தில் கொழுப்பின் மேல் ஏறித்தான் பயணம் செய்யும். அதனால் லேபில் இவற்றை ஒரு கிராம் ரத்தக் கொழுப்புக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் கொழுப்பும் ஏறும், கூடவே இந்த ரசாயனத்தின் எண்ணும் மாறும்.

1968-இல் ஜப்பானில் தவிட்டெண்ணெயில் பிசிபி கசிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். தோல் கொப்பளித்தது, கூடவே ட்ரைகிளிசரைடு வெகுவாக ஏறியிருந்தது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வேலை பார்த்த எலக்ட்ரிஷியன்கள் இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

டிடிடி என்ற பூச்சிமருந்து நம் குவாசுலு-நடால் மாகாணத்தின் வடக்கே மலேரியாவுக்காக வீட்டுச் சுவரில் அடிக்கப்படுகிறது. 1996-இல் நிறுத்திப் பார்த்தார்கள், கொசு மாற்று மருந்துக்கு மசியவில்லை, 2000-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். மலேரியாவின் ஆபத்து கண்முன்னே இருக்கும்போது கொலஸ்ட்ராலைக் காட்டி அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் தெளிப்பு வேலை செய்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கட்டாயம் வேண்டும்.

ரிஃபைனரிப் புகையைச் சுவாசித்தே வளர்ந்தோம். அதனால் கொலஸ்ட்ராலா?

புகையின் முதல் கேடு நுரையீரலுக்கு. மெர்பேங்க் செட்லர்ஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா எவ்வளவு மிகுந்திருந்தது என்பதை ஆய்வுகள் காட்டின. அடுத்த கேடு இதயத்துக்கு: நுண்துகள் மாரடைப்பைக் கூட்டும். ரத்தக் கொழுப்பில் அது செய்யும் மாற்றம் சிறியது. இப்போது இரண்டு ரிஃபைனரிகளும் எண்ணெய் சுத்திகரிப்பதில்லை. ஒன்றில் 2020 டிசம்பரில் தீ பிடித்தது, மற்றது 2022-இல் நின்றது. ஆனால் முப்பது வருடம் சுவாசித்தவரின் இதயத்துக்கு அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. கொழுப்பு எண் நன்றாக இருந்தாலும் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்ததைப் பலர் கேட்கிறார்கள். அந்தப் புகையை உங்கள் கொலஸ்ட்ராலோடு நான் முடிச்சுப் போட மாட்டேன். மூச்சுத்திணறல், தோல் அரிப்பு நீடித்தால் அதற்குத் தனியாக டாக்டரைப் பாருங்கள்.

அண்ணனுக்கு வயது 38, எல்டிஎல் 6.2. பாய்லர்மேக்கர். ரசாயனம்தானே?

இல்லை. இந்த அளவு ஏற்றத்தை ரசாயனம் மட்டும் கொடுக்காது. எல்டிஎல் 4.9-க்கு மேல் என்றால் முதலில் பரம்பரைக் கொழுப்பு நோயை நினைக்க வேண்டும். பொதுவாக 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு அது உண்டு. இந்த நாட்டில் ஆஃப்ரிகானர்களிடம் மிக அதிகம், குஜராத்தி வம்சத்தவரிடமும் தனி மரபணு மாற்றம் ஒன்று கண்டிருக்கிறார்கள், நம் குடும்பங்களுக்கும் விலக்கில்லை. குதிகாலின் பின்னால் உள்ள தசைநாண் தடித்திருக்கிறதா பாருங்கள். அப்பா, சித்தப்பா, தாத்தா யாராவது 55-க்கு முன் மாரடைப்பில் போனாரா? அப்படியானால் அண்ணனோடு நிற்காமல் பிள்ளைகளுக்கும் பரிசோதனை வேண்டும். ஆலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இதை விட்டுவிட்டால் ஒரு உயிர் போகலாம்.

புரட்டாசி விரதம் முடிந்து பார்த்தால் குறைவு, தீபாவளிக்குப் பிறகு பார்த்தால் அதிகம். எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். சில வாரம் கறியும் நெய்யும் இல்லாமல் இருந்தால் எல்டிஎல் உண்மையிலேயே இறங்கும். கால் கறியும் பீன்ஸும் சேர்த்த ட்ராட்டர்ஸ் அண்ட் பீன்ஸ் திரும்பி வந்தால் அதுவும் திரும்பி வரும். டாக்டருக்கு இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டி, எது விரத மாதம் என்று சொல்லுங்கள். வேலை இடத்தின் விளைவைப் பார்க்க நினைத்தால் வருடா வருடம் ஒரே மாதத்தில் சோதனை எடுங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

'ரிஃபைனரியில் இருந்தேன்' என்றால் போதாது. எந்தப் பிரிவு, எந்த வருடம் முதல் எந்த வருடம், எந்தப் பொருளைக் கையாண்டீர்கள், தீயணைப்புக் குழுவில் இருந்தீர்களா, பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்தீர்களா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டிரம்மின் லேபிளைப் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. கூடவே கல்லீரல் சோதனையும் கேளுங்கள். அமெரிக்காவில் லூயிவில் நகரில் வினைல் குளோரைடில் அதிகம் வேலை செய்த 25 பேரின் கல்லீரலைப் பார்த்தபோது ஐந்தில் நான்கு பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் அழற்சி இருந்தது. பருமனோ குடியோ அதற்குக் காரணமாக இல்லை. 'நீ குடிக்கிறாய்' என்று டாக்டர் முடிவு கட்டுவதற்கு முன்னால் இந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.

ரத்தத்தில் பிஎஃப்ஏஎஸ் அளக்கலாமா?

அளக்கலாம். வழக்கமான லேப் வேலை அல்ல, செலவும் அதிகம். அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி 2022-இல் ஒரு வழிகாட்டி கொடுத்தது. முக்கிய பிஎஃப்ஏஎஸ்களின் கூட்டுத்தொகை ஒரு மில்லிலிட்டரில் 2 நானோகிராமுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 2 முதல் 20 என்றால் ரத்தக் கொழுப்புச் சோதனைக்கு முன்னுரிமை. 20-க்கு மேல் என்றால் அதோடு தைராய்டு, சிறுநீரகம் முதலியவற்றையும் கவனிக்க வேண்டும். என்னைக் கேட்டால், கையில் காசு குறைவாக இருப்பவர் கொழுப்புச் சோதனையையே முதலில் எடுக்கட்டும். ரசாயனத்தின் எண் எதுவானாலும் சிகிச்சை கொழுப்பு எண்ணை வைத்துத்தான்.

உடம்பிலிருந்து எப்படி வெளியேற்றுவது? வேப்பிலை, வெந்தயம், டீடாக்ஸ் பொடி?

எந்தப் பொடியும் இதை வெளியேற்றாது. ஃபார்மசியில் விற்கிற டீடாக்ஸ் டப்பாவுக்கு ஒரு ரேண்ட் கூடக் கொடுக்காதீர்கள். வெந்தயம் சாப்பிடுங்கள், சர்க்கரைக்கு நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நிஜமாகவே சோதித்துப் பார்த்தது இரண்டு. ஆஸ்திரேலியாவில் 285 தீயணைப்பு வீரர்களை வைத்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருடம் தொடர்ந்து ரத்தமோ பிளாஸ்மாவோ தானம் செய்தவர்களுக்கு பிஎஃப்ஓஎஸ் குறைந்தது. பிளாஸ்மா கொடுத்தவருக்கு ஏறக்குறைய 30 சதவீதம், ரத்தம் கொடுத்தவருக்கு 10. இன்னொன்று கொலஸ்டிரமைன் என்ற பழைய கொலஸ்ட்ரால் மருந்து. குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறும், கூடவே பிஎஃப்ஏஎஸ்ஸையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு மலச்சிக்கல் முதலான தொந்தரவுகள் உண்டு, மற்ற மாத்திரைகளையும் உடம்பில் சேரவிடாது. டாக்டர் இல்லாமல் தொடக்கூடாது.

ஸ்டாட்டின் மாத்திரை ரசாயனத்தால் ஏறிய கொழுப்பையும் குறைக்கும். 'காரணம் ஆலை, மாத்திரை எதற்கு' என்று நிறுத்திவிட்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தண்ணீர், மீன், வாணலி?

கொதிக்க வைத்தால் பிஎஃப்ஏஎஸ் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கரி வடிகட்டியும் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸும் குறைக்கும், ஆனால் கரியை நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

மீனின் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிட்டால் பிசிபி குறையும். பிஎஃப்ஏஎஸ் சதையின் புரதத்தில் ஒட்டியிருப்பதால் அப்படிக் குறையாது. ஷாட் மீன் கடலில் பிடித்தது என்றால் ஆனந்தமாகச் சாப்பிடுங்கள். ஆலைக் கால்வாய் வந்து சேரும் முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுப் பிடித்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். வாணலியை வெறும் அடுப்பில் புகைய விடாதீர்கள், அது போதும்.

மகள் பால் கொடுக்கிறாள். மருமகன் தீயணைப்பு வேலை.

பால் வழியாக இந்த ரசாயனம் கொஞ்சம் குழந்தைக்குப் போகும். அப்படியும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதில்லை, நன்மை அவ்வளவு பெரியது. மருமகன் வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே மாற்றிக் குளித்துவிட்டு வரட்டும்.

கம்பெனி என்ன செய்யக் கடமைப்பட்டது? நஷ்டஈடு கிடைக்குமா?

1993-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2021-இல் அபாயகர ரசாயனங்களுக்குப் புதிய விதிகள் வந்தன. எந்தப் பொருள், என்ன ஆபத்து என்று உங்களுக்குச் சொல்வதும், பாதுகாப்புத் தகவல் தாளைப் பார்க்கத் தருவதும், தேவையான இடத்தில் மருத்துவக் கண்காணிப்பு நடத்துவதும் முதலாளியின் கடமை. தாளைக் கேட்டால் முறைப்பார்கள். கேளுங்கள்.

எனக்கு மிகவும் வேதனை தருவது கான்ட்ராக்ட் ஆட்களின் நிலை. ஷட்டவுன் சமயத்தில் ஆறு வாரம் வந்து மிக அழுக்கான வேலையைச் செய்துவிட்டு அடுத்த ஆலைக்குப் போகிறவர்கள். அவர்களின் மெடிக்கல் ஃபைல் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு துண்டாகக் கிடக்கும். நீங்கள் அப்படி வேலை செய்பவர் என்றால், ஒவ்வொரு முறையும் வெளியேறும்போது செய்யும் மெடிக்கலின் நகலை வாங்கி வீட்டில் ஒரே ஃபைலில் வையுங்கள்.

நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் உயர் கொலஸ்ட்ரால் ஒரு தொழில்நோயாக இல்லை. கார்பன் டைசல்ஃபைடால் வரும் நோய்கள் பட்டியலில் உண்டு. பட்டியலில் இல்லாததற்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். டாக்டர் நோயைச் சொன்ன நாளிலிருந்து தாமதிக்காமல் யூனியனிடமோ சட்ட உதவி மையத்திடமோ போங்கள். அந்த மெடிக்கல் ஃபைலும் வேலை விவரம் எழுதிய தாளும் உங்களிடம் இருந்தால் அவர்கள் அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம்.